ஒரே குளியலறை உள்ள வீடு

என் அக்காவின் கணவர் குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். அவர் போட்ட தரையில் தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடும். கோபம்தான் மூக்கு நுனியில். "மலிவுன்னா போதும், கண்ணை மூடிக்கிட்டு ஓடிடுவாங்க" என்று, கைநழுவிப் போன ஒவ்வொரு வேலைக்கும் வீட்டில் ஒரு கச்சேரி வைப்பார்.

அப்படிப் போன ஒன்றுதான் தையல்காரம்மா வீட்டு வேலை. வழுக்காத தரை வேண்டும், உட்கார்ந்து எழ வசதியாக வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும் என்று கூப்பிட்டார். மாமா முக்கால் மணி நேரம் பேசினார். பழைய தரையை உடைக்க வேண்டும், கசிவைத் தடுக்கும் பூச்சு காய வேண்டும், தண்ணீரைத் தேக்கிப் பார்க்க வேண்டும், பன்னிரண்டு நாளாகும்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றார் அந்தம்மா.

வேறொருவர் பாதிக் கூலிக்கு வந்து, பழைய தரை மேலேயே புது டைல்ஸை ஒட்டி, இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார்.

ஐந்து மாதம் கழித்துத் தையல்காரம்மாவிடமிருந்து போன். குளியலறை வாசல் பக்கம் தண்ணீர் தேங்குகிறதாம், நாலு டைல்ஸ் ஆடுகிறதாம். மாமா வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனார். தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்லம்மா?" என்றார்.

"சொன்னீங்கண்ணே. அப்ப இவரு பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில இருந்தாரு. அஞ்சு நாள்ல வீட்டுக்கு அனுப்புறோம்னுட்டாங்க. இருக்கிறதே ஒரே பாத்ரூம். அதைப் பன்னெண்டு நாள் உடைச்சுப் போட்டா இவரை எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எங்க பேச விட்டீங்க? அந்தத் தம்பி வந்ததும் முதல்ல, 'எப்பக்கா வேணும், யாருக்கு வேணும்'னு கேட்டாரு. நல்ல வேலை வேணாம்னு யாராவது சொல்வாங்களா?"

நாற்காலியில் இருந்த அவர் கணவர் வாய் குழறச் சிரித்தார். "அந்தத் தம்பியைத் திட்டாதீங்க. அஞ்சு மாசமா அதுலதான் குளிக்கிறேன்."

மாமாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை வீட்டில் இப்படி வாயடைக்க வைத்தேனோ என்று நினைத்ததாக அக்காவிடம் சொன்னார்.

அந்த வேலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துச் செய்தார். முதலில் குளிக்கும் பக்கம்; அப்போது டாய்லெட் பக்கத்தைத் தொடவேயில்லை. அது காய்ந்து உறுதியான பிறகுதான் டாய்லெட் பக்கத்தைத் தொட்டார்; அந்த நாட்களுக்கு, முடிந்த பாதியில் நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பதினெட்டு நாளாயிற்று. சுவரில் பிடித்து நடக்கக் கைப்பிடியும் வைத்தார்.

முடிந்த அன்று அந்த மனிதர் கைப்பிடியைப் பிடித்து மெல்ல உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "ஐயோ, பூட்டாதீங்க!" என்று தையல்காரம்மா கதவைத் தட்டினார். "தனியா குளிச்சு ஆறு மாசமாச்சு, போடி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாராம்.

இப்போது மாமா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து கேட்கிறார். இரண்டு நாளில் வேண்டும் என்பவர்களுக்கு அந்தத் தம்பியின் நம்பரையே கொடுக்கிறார். கைநழுவும் வேலைகள் இன்னும் உண்டு, கச்சேரிதான் இல்லை.

"'எங்க பேச விட்டீங்க'ன்னு என்னை யாரும் மூஞ்சிக்கு நேரா கேட்டதில்ல. கேட்டாங்களே, அந்தம்மா நல்லா இருக்கணும்" என்பார்.