இருபத்தாறு தண்டால்

மாதத்தின் முதல் ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சிக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் கூடுகிறார்கள். உயிர்விட்ட ராணுவ வீரர் ஒருவரை நினைத்து, அவர் இறந்தபோது எத்தனை வயதோ அத்தனை தண்டால் எடுப்பார்கள். போன மாதம் என் தம்பியின் முறை. அவன் எல்லையில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முந்தைய வாரம் முழுக்கப் போன் செய்தே என் உயிரை வாங்கிவிட்டார்கள். சீருடையில் போட்டோ கேட்டார்கள். அனுப்பினால், மீசை வைத்த போட்டோ இல்லையா என்றார்கள். அவனுக்கு மீசையே சரியாக வளரவில்லை என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? அம்மாவுக்கு டீ ஷர்ட் என்ன சைஸ் என்று இன்னொரு போன். இன்றைக்கும் கரும்பு வெட்டப் போகிறவள் அவள். புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டுத்தான் வெட்டுவாள், எந்தச் சட்டையும் பொருந்தும் என்று சொல்லி வைத்தேன்.

தியாகதுருகத்திலிருந்து ஆட்டோ பிடித்து, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பனியில் நனைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்கள் வந்து சேர ஐந்தே முக்கால். வந்ததும் செல்பி. பிறகு மைக் வேலை செய்யவில்லை. எரிச்சலில் எனக்குத் தலை வலித்தது.

குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ராணுவத்தார். வீரனுக்கு வயது இருபத்தாறு, ஆகவே இருபத்தாறு தண்டால் என்று அறிவித்தார்.

"இன்னா சார் இருவத்தாறு? எம்புள்ளைக்கு இருவத்தி நாலுதான்" என்றாள் அம்மா.

எந்த விழாவுக்குப் போனாலும் இதே கதை. அவர்கள் இருபத்தாறு என்பார்கள், இவள் எழுந்து திருத்துவாள், நான் இவள் கையைப் பிடித்து உட்கார வைப்பேன். பள்ளியில் வாத்தியார் தப்பாக எழுதிவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாத்தியார் மேல் தப்பில்லை. அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுக்கு லாரி ஏறிவிட்டால், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளியை விட்டு நிற்க வேண்டும். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அவன் வீட்டில் பிறந்தவன், பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அவனையும் சேர்த்துவிட்டால் நான் நிற்க வேண்டாம் என்று, மூன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிப் போய், கையை இழுத்து இழுத்துக் காதில் வைத்தேன். அஞ்சரை வயசு சார் என்றேன். அந்த வயதைப் போட்டுப் பள்ளியில் கொடுத்த சான்றிதழோடுதான் பதினாறு வயதில் பதினெட்டு என்று ராணுவத்துக்குப் போனான். இப்போது உண்மையைச் சொன்னால், பொய் வயதில் சேர்ந்தவன் என்று செத்தவன் பெயர் கெடும். அதனால் சொல்லவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தண்டால் ஆரம்பித்தது. பாதிப் பேர் முழங்காலை ஊன்றிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்கள். ஒருவர் எண்ணிக்கையைத் தவறவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டார். இருபத்து நான்கு வந்ததும் அம்மா எழுந்து அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"போதும். எம்புள்ள அதுக்கு மேல இல்ல."

எல்லோரும் அப்படியே நிறுத்தினார்கள். நடத்துகிறவர் என்னைப் பார்த்தார். கூடவே யாரோ பிடித்திருந்த செல்போனும் என் பக்கம் திரும்பியது. நீங்களே சொல்லுங்க அக்கா, எது சரி என்று கேட்டார்.

"சர்டிபிகேட்ல இருக்கறதுதாங்க சரி" என்றேன்.

மிச்சம் இரண்டையும் அவர்கள் சத்தம் போட்டு எண்ணி எடுத்தார்கள். அம்மா நடுவிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டோவில் திரும்பினோம். ஊர் நெருங்கும்போது அம்மா கேட்டாள்.

"தூக்கி வளத்தவ நீ. உனக்குக்கூடவா அவன் வயசு தெரியல?"

"மறந்துட்டேம்மா" என்றேன்.