இசைத்தட்டில் ஒரு தும்மல்

கொச்சி காக்கநாட்டு ஃபிளாட்டில் மனைவி சுக்கு இடிக்கும்போதெல்லாம், மட்டாஞ்சேரியில் அப்பா வைத்திருந்த சுக்குக் கிடங்கு, இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட அந்த இடம், மூக்கு வழியாக வந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் நான்கு பையன்கள் அங்கே ராக் வாசிப்போம். மூட்டைகள் சத்தத்தை விழுங்கிக்கொள்ளும், கிடார் கம்பியில் படிந்த தூள் விரல்நுனியை எரிக்கும், தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து டிரம் அடித்த சங்கரன் தும்மலை அடக்க மூக்கில் துணிக் கிளிப் மாட்டியிருப்பான்.

பஜாரில் ரேடியோக் கடை வைத்திருந்த சேட்டன் எங்கள் பாட்டை இசைத்தட்டாகப் போட முன்வந்தபோது, அதையும் அங்கேயே பதிவு செய்தோம். பாட்டு முடியும் இடத்தில் கிளிப் நழுவி, சங்கரன் தும்மிவிட்டான். டேப் தீர்ந்திருந்தது.

"சாரமில்லடா, போனாப் போகுது, சுக்குக் கிடங்குல தும்மாம வாசிச்சோம்னா யாரு நம்புவா?" என்றான்.

தட்டு அப்படியே வெளிவந்தது. மட்டாஞ்சேரியைத் தாண்டி எங்கும் போகவில்லை. சாயாக் கடைகளில் அதைப் போட்டால், அந்தத் தும்மலுக்காகவே காத்திருந்து சிரித்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் சங்கரன் மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். அதன்பிறகு நாங்கள் வாசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "அதைக் கொஞ்சம் போடேன், மோனே" என்பாள். நான் ஊசியை வைப்பேன். எனக்கு ஒன்றும் தோன்றாது. தட்டு சுற்றுவதையும் அதன் ஓரத்துக் கீறல் திரும்பத் திரும்ப வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் கிடாரும் கத்தலும் அவளுக்குப் பிடிக்காது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு பொறுத்திருப்பாள். கடைசியில் தும்மல் வரும். வீட்டில் அவன் தும்மினால் சொல்வாளே, அதே குரலில் "நூறாயுசு" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.