விண்வெளிப் படத்துக்குக் கதை சொன்ன ஞாயிறுகள்

ஓடிக்கொண்டிருக்கும் ஆங்கிலப் படத்துக்கு உடனுக்குடன் தமிழில் கதை சொல்வதும் ஒரு தொழில்தான் என்பதை நான் அறிந்துகொண்ட நாள் 1978ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி முடிந்திருந்தும் வெயில் தணியவில்லை; காலை பத்து மணி ஆகியும் கடற்காற்று எழவில்லை; எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகளின் புகை வளையாமல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கற்பித்துவந்தேன். மனைவி காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது; பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமை நண்பகல் பள்ளி விட்டதிலிருந்து திங்கட்கிழமை காலை மணி அடிக்கும்வரை, காலடிப்பேட்டையில் இருந்த என் வீட்டில் நான் வாய் திறப்பதற்கு எந்தத் தேவையும் இராது. பால்காரர்கூடப் பேசாமல் ஊற்றிவிட்டுப் போகிறவர். ஆகவே, எங்கள் பகுதியின் கீற்றுக்கொட்டகை உரிமையாளர், நெல்லைச் சீமையிலிருந்து வந்து மளிகை மொத்த வணிகம் செய்த அண்ணாச்சி, "ஞாயித்துக்கெழம காலைல இங்கிலீசுப் படம் போடுதேன் சாரு, மைக்குல கத சொல்ல நீங்க வரணும்" என்று அழைத்தபோது, ஊதியம் என்னவென்றுகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். "மைக்கு வேண்டாம்னு ஜனங்க சொன்னா அன்னைக்கே எடுத்துருவேன், பாத்துக்கிடுங்க" என்று ஒரு நிபந்தனையும் சொன்னார். என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த நிபந்தனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

படம், பின்னாளில் பல பாகங்களாக வளர்ந்து உலகெங்கும் ஓடிய விண்வெளிப் போர்க் கதையின் முதல் பாகம். கோள்களையெல்லாம் அடக்கியாளும் ஒரு பேரரசு. அதை எதிர்த்துச் சரக்குக் கலம் ஓட்டும் ஒரு தலைவி. அவளுக்குத் துணையாக, அடிக்கடி வழி மறந்துபோகும் ஓர் இயந்திர மனிதன். எனக்கு இடம் புரொஜக்டர் அறையில். கொட்டகையைப் பார்ப்பதற்கு ஒரு கையகலத் துவாரம். கேட்பவரின் முகம் தெரியாமல் பேசிப் பிழைத்தவர்கள், ரயில் நிலையத்தில் வண்டி வரவை அறிவித்தவர்கள், வானொலியில் செய்தி வாசித்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், நான் சொல்லப்போவது அவர்களுக்கு எளிதாகப் புரியும்.

வினைமுற்று வருவதற்குள்

எந்த வாக்கியத்தையும் குறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. "பேரரசின் காவலர்களால் துரத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்த நிலையில், பெயரறியாக் கோளொன்றின் மணல்வெளியில் இறங்க நேர்ந்த நம் தலைவியின் முதிய தோழர்" என்று நான் எழுவாயைக் கட்டி முடிப்பதற்குள் அந்த முதிய தோழரைச் சுட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. "தம் துப்பாக்கியை உயர்த்திப் பகைவரை எதிர்கொள்கிறார்" என்று பயனிலையையும் கொடுத்தேன். திரையில் அவருக்கு இறுதி மரியாதை நடந்துகொண்டிருந்தது.

கொட்டகை சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருக்கலாம். அவர்கள் சிரித்ததோ ஒலிபெருக்கியைப் பார்த்து. ஆப்பரேட்டர் செபாஸ்டின், ராயபுரத்துக்காரர், மாதா கோயிலில் முதல் பூசை முடித்துவிட்டு நேராக வேலைக்கு வருகிறவர், படச்சுருளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "சார், நீ வாய மூடறதுக்குள்ள அவன் செத்து, பொதச்சு, வந்தவனெல்லாம் வூட்டுக்கே பூட்டான்."

கயிறு இல்லாத துறைமுகம்

பெஞ்சு வகுப்பில் அமர்பவர்களில் பெரும்பாலோர் துறைமுகத் தொழிலாளர்கள். மூன்று கண் மனிதனையும் பேசும் இயந்திரத்தையும் அவர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், மலையளவு விண்கலம் ஒன்று வானத்தில் மிதக்கும் நிலையத்துக்குள் நுழைந்து, தானாகவே அசையாமல் நின்ற காட்சியை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இடைவேளையில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுபவர் ஒருவர் துவாரத்துக்குக் கீழே வந்து நின்று, விளக்கம் கேட்டார். படம் பார்க்க வந்த ஒருவர் என்னை நோக்கி நேரடியாகப் பேசியது அதுவே முதல் முறை என்பதால், காந்த விசையில் தொடங்கி ஈர்ப்பு விதிவரை ஆர்வத்தோடு எடுத்துச் சொன்னேன்.

அவர் பீடியை அணைத்துவிட்டு, பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு சொன்னார்: "அத்த வுடு வாத்யாரே. கயிறு கட்றவன் இல்ல, மூட்ட எறக்கறவன் இல்ல, வாசல்ல ஒரு டீக்கட இல்ல. அது இன்னா ஹார்பரு?"

பேசுவது யார்?

தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலில் உட்காருவார்கள். அவர்களுள் ஒரு கூட்டம் முதல் வாரம் தொட்டே என் கண்ணை உறுத்தியது. மீன் விற்று முடித்துவிட்டு வரும் பெண்கள், வலைக்குப் போகும் ஆண்கள். காலிக் கூடைகளைத் தட்டியோரம் அடுக்கிவிட்டு ஒரே வரிசையாக உட்காருவார்கள். படம் தொடங்கியதுமுதல் முடியும்வரை தமக்குள் பேசிக்கொண்டேயிருப்பார்கள். வரிசையில் ஆங்காங்கே இடம் விட்டும் வைத்திருப்பார்கள். புதிதாக வருபவர் அங்கே உட்காரப் போனால் வேறு பக்கம் அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது வாரம், பேரரசின் படைகளும் கிளர்ச்சிக்காரர்களும் கடுமையாக மோதிக்கொண்டிருந்த நேரத்தில், என்னையறியாமல் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன்: "தரை வகுப்பில் பேசுபவர்கள் பேச்சை நிறுத்துக. இடைவெளி விடாமல் நெருங்கி உட்காருக." கொட்டகை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அந்த வரிசையின் நடுவிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நின்றார். புரொஜக்டர் ஒளி அவர் முகத்தில் விழுந்தது. அவர் தலையின் நிழல் திரையில் பாதிப் பேரரசை மறைத்தது. துவாரத்தை நோக்கி, அமைதியான குரலில் கேட்டார்: "கத சொல்லுன்னா கத சொல்லு நைனா. நாங்க இன்னா உன் இஸ்கூல்லயா குந்திகினு கீறோம்?"

வரிசை

அவர் பெயர் கன்னியம்மா. "அதுங்க வரலன்னா காட்சியே இல்ல சார், மைக்கும் இல்ல, நீயும் இல்ல" என்று செபாஸ்டின் எச்சரித்ததால், அடுத்த வாரம் இடைவேளையில் இறங்கிப்போய் அவரருகே நின்றேன். நான் தொடங்குமுன் அவரே பேசினார். திருவொற்றியூர்க் கரையில் அவர்களுடைய குப்பம் இருந்ததாம். ஓர் ஐப்பசியில் கடல் ஏறிவந்து, ஒரு வரிசை வீடுகளையே கொண்டுபோய்விட்டது. சிலர் காசிமேட்டில் உறவினரோடு ஒட்டிக்கொண்டார்கள், சிலர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனார்கள், கன்னியம்மா காலடிப்பேட்டையில் ஒரு குடிசையில் இருந்தார், என் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில், நான் அறிந்ததில்லை. ஞாயிறு காலை இங்கே கூடும்போது, குப்பத்தில் வீடுகள் இருந்த வரிசைப்படியே உட்காருவார்கள். "இது என் வூடு. இது எல்லப்பன் வூடு, லேட்டா வருவான். இது தாசன் வூடு" என்று வெறும் மணலைக் காட்டினார். தாசன் அதற்கும் முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவருடைய இடத்தையும் யாரும் நிரப்பவில்லை.

எனக்கு ஓர் ஐயம். பேசத்தான் கூடுகிறார்கள் என்றால், இந்தப் புழுக்கத்தில் எதற்கு? கடற்கரையில் காற்றாட உட்காரலாமே என்று கேட்டேன். கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அங்க குந்தினா அதையே பாத்துகினு குந்தணும் சார். இங்க பாக்கறதுக்கு வேற இன்னாமோ ஓடுது."

பச்சைக் கோள்

அந்த வரிசை பேச்சை நிறுத்திய இடம் படத்தில் ஒன்றே ஒன்று. தலைவி பிறந்த பச்சை நிறக் கோளைப் பேரரசு ஒரே ஒளிக்கீற்றால் அழித்துவிடும். ஒரு நொடியில் கோள் இருக்கும், மறுநொடியில் தூசி. தலைவி கண்ணை மூடித் திறப்பாள். அதற்குள் கதை அடுத்த போருக்குப் போய்விடும். அந்தத் தூசி அடங்கும்வரை கன்னியம்மாவின் வரிசையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதைக் கண்டுகொண்ட பிறகு, அந்த இடத்தில் நானும் பேசுவதில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிறு, தேய்ந்துபோயிருந்த படச்சுருள் சரியாக அந்தக் காட்சியில் அறுந்தது. செபாஸ்டின் கிழிந்த பகுதியை வெட்டிவிட்டு ஒட்டினார். படம் மீண்டும் ஓடியபோது பச்சைக் கோள் இல்லை; தலைவி கண் திறந்ததும் போர் தொடங்கியது. வரிசை முழுவதும் துவாரத்தை நோக்கித் திரும்பியது. படத்தில் இல்லாத ஒரு சொல்லையும் அதுவரை நான் கதையில் சேர்த்ததில்லை. அன்று, போர் நடந்துகொண்டிருந்த திரையின்மேல், "இங்கே ஓர் ஊர் இருந்தது. அது அழிந்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

"எத்தினி வூடு சார்?" என்று கன்னியம்மா கீழிருந்து கேட்டார். படத்தில் காட்டவில்லை என்றேன். "காட்டலன்னா ஜனமே இல்லாமயா ஊரு?" என்றது இன்னொரு குரல். எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டேன். அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். "வேப்பமரத்தாண்ட எங்க வூடு, ரெண்டு ஆடு." "அதுக்கு அப்பால எல்லப்பன். புதுசா ஓடு மாத்தினான், ஒரு மழகூட பாக்கல." "எங்க வூட்டு வாசல்ல தண்ணிப் பானை வச்சிருப்போம், போறவன் வர்றவனெல்லாம் மொண்டு குடிப்பான்." "எங்குளுது குடிச மாமு. குட்ச்சிட்டு வந்து உன் வூடுன்னு நென்ச்சி நீ படுத்தியே, அது." அவர்கள் சிரித்தார்கள். மேலே விண்கலங்கள் வெடித்துக்கொண்டிருந்தன. நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, படம் முடியும்வரை ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தேன். பெஞ்சு வகுப்பிலிருந்து ஒருவர் பொறுமையிழந்து கத்தினார்: "யோவ் வாத்யாரே, இது படமா, பஞ்சாயத்தா?"

அண்ணாச்சியின் நியாயம்

மறுநாள் மாலை அண்ணாச்சி கடைக்கு என்னை வரச்சொன்னார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக்கொடுத்தார். பெஞ்சுக்காரர்கள் கூட்டமாக வந்து முறையிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இல்லையென்று நானும் சொல்ல முடியாது. இனிமேல் அவ்வாறு நேராது என்று சொல்லலாமா என்று எண்ணிப்பார்த்தேன். அதே இடத்தில் படம் மறுபடியும் தாவும், அதே கேள்வி மறுபடியும் வரும் என்பது தெரிந்ததால் சொல்லவில்லை.

அண்ணாச்சிக்கு என்மேல் கோபமில்லை. எனக்காக வருந்தினார் என்றே தோன்றியது. எடைக்கல்லை இடம் மாற்றி வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "நீங்க தப்பாப் பேசியிருந்தாக்கூட நான் சமாளிச்சுக்கிடுவேன் சாரு. பேசாம இருக்கதுக்கு எதுக்கு ஒரு மைக்குன்னு கேக்கானுவ. நான் என்ன சொல்ல?"

தாசன் வீடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். விடைத்தாள் திருத்தினேன், பிறகு, திருத்தியவற்றையே மீண்டும் ஒரு முறை பார்த்தேன். காட்சி முடிகிற நேரத்துக்குக் கொட்டகைப் பக்கம் காது தானாகப் போனது. மாலையில் செபாஸ்டின் மிதிவண்டியில் வந்து, வாசலில் ஒரு காலை ஊன்றியபடியே செய்தி சொன்னார். மைக் இல்லாததைப் பாதிப்பேர் கவனிக்கவில்லையாம். கன்னியம்மா மட்டும் என்னவாயிற்று என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் நின்றுவிட்டார் என்றதும், "அப்ப கீழ வந்து குந்த சொல்லு" என்று சொல்லிவிட்டுத் தம் பேச்சைத் தொடர்ந்தாராம்.

அதற்கடுத்த வாரம் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என் மாணவர்களின் பெற்றோர் சிலர் பெஞ்சிலிருந்து பார்த்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் வரிசையின் முன்னால் நின்றேன். எந்த இடமும் வெறும் இடமில்லை என்பது எனக்குத் தெரியும். கன்னியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்து மணலைக் கையால் தட்டிவிட்டுச் சொன்னார்: "தாசன் வூடு சொம்மாதான் கீது. குந்து சார், அவன் ஒண்ணும் சொல்லமாட்டான்."

அதன்பின்

அந்தப் படம் மேலும் சில வாரங்கள் ஓடியது. அத்தனை வாரமும் நான் அங்கேயே உட்கார்ந்தேன். எனக்கு அறிமுகமில்லாதவர்களைப் பற்றி, என் தலைக்கு மேலாக இருபுறமும் பேசிக்கொண்டார்கள், என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. படத்தை எடுத்த பிறகு அண்ணாச்சி காலைக் காட்சியை நிறுத்திவிட்டார். கூடுவதற்கு வேறிடம் பார்க்கலாம் என்று இரண்டொரு முறை பேச்சு வந்தது, நடக்கவில்லை. அந்த வரிசைக்காரர்களுக்கு வெவ்வேறு இடங்களில் வீடு கிடைத்து, மூலைக்கு ஒருவராகப் போனார்கள். கன்னியம்மாவைச் சில ஆண்டுகள் சந்தையில் பார்த்துவந்தேன். "இன்னா பக்கத்து வூட்டுக்காரரே" என்பார். நான் மீன் உண்பதில்லை என்பதை அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை. பிறகு அவர் வருவது நின்றது. கொட்டகை சிமெண்டுக் கிடங்காயிற்று. செபாஸ்டின் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார்.

இரண்டாம் பாகம் நகரத்துப் பெரிய திரையரங்குக்கு வந்தபோது தனியாகப் போய்ப் பார்த்தேன். பச்சைக் கோளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மொத்தத்தில், பேசியதற்குத் திட்டும் பேசாமல் இருந்ததற்கு உட்கார ஓர் இடமும் எனக்குக் கிடைத்த தொழில் அது.