பலாலியிலிருந்து திருச்சி ஒரு மணி நேரம்

பிளேன் டிக்கட் விக்கிற தொழில்ல இருக்கிற உங்களுக்குத் தெரியும், விலையைக் கேட்கிறதுக்கு முன்னாலயே ஆட்கள் கேட்கிறது, "எவ்வளவு நேரம் போகும்?" என்பதுதான். மாத்தளை டவுன்ல ஒரு கவுண்டர்ல பத்து வருஷமா உட்கார்ந்து, அதுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை வத்திப் போச்சு.

வெங்காயக் கணக்கு

நாவுலயில வெங்காய வியாபாரம் பண்ற ஹாஜியார் ஒருத்தர் திருச்சிக்கு டிக்கட் கேட்டு வந்தார். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சின்ன பிளேன் இருக்கு, ஒரு மணி நேரம்னேன். தூரம் கேட்டார். ஆகாயத்துல நூத்தி எண்பது கிலோமீட்டர் மட்டுல வரும்னேன். மனுஷன் ஃபேனையே பார்த்துக்கிட்டு இருந்தார். அவருடைய வெங்காய லொறி கொழும்புக்கு ஓடுறதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிறகு கேட்டார் பாருங்க ஒரு கேள்வி, பத்து வருஷத்துல எனக்கே தோணாதது: "அவ்வளவு வேகமாப் போற பிளேனுக்கு இது எதுக்கு மகள் ஒரு மணி நேரம், நடுவுல எங்கயும் ஆள் ஏத்துறாங்களோ?"

பெரட்டு நேரம்

பிலோமினாக்கா இரத்தோட்டைக்கு மேல உள்ள தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. சின்ன வயசுல இவங்களைப் பிரிஞ்சு இந்தியாவுக்குப் போன அவங்க அக்காவுக்குத் திருச்சியில வியாழக்கிழமை காலையில இதய ஆப்பரேஷன். தங்கச்சி முகத்தைப் பார்க்காம உள்ள போகமாட்டேன்னு அந்தம்மா ஒரே பிடிவாதம். புதன்கிழமை மத்தியானப் பிளேன் இருந்துச்சு. ஒரு மணி நேரம்தானே, அன்னைக்குக் காலையில புறப்பட்டா போதும்னு நான் பெரிய மேதாவி மாதிரிச் சொல்லிட்டேன்.

அவங்க விரலை மடக்கினாங்க. லயத்து வீட்டுலேர்ந்து ரோட்டுக்கு முக்கால் மணி. மாத்தளைக்கு பஸ்ல ஒரு மணி. யாழ்ப்பாணத்துக்கு ஏழு. அங்கிருந்து பலாலி. ரெண்டு மணி நேரம் முன்கூட்டியே நிக்கணும்னு நான்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பிளேனை விட்டிருந்தா வியாழக்கிழமை ஆப்பரேஷனும் போயிருக்கும்! முதல் நாளே போய் யாழ்ப்பாணத்துல சிஸ்டர்மாருடைய மடத்துல தங்குறேன்னாங்க. எப்படிக்கா இவ்வளவு சரியாச் சொல்றீங்கன்னு கேட்டேன். காலையில வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தை அவங்க பெரட்டுன்னு சொல்வாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "முப்பது வருஷம் பெரட்டுக்குப் போறேன் மிஸ், அஞ்சு நிமிஷம் பிந்தினா அன்னைக்கு வேலையே இல்ல."

திருச்சியிலிருந்து ஒரு கோல்

வியாழக்கிழமை பூரா எனக்கு வேலையே ஓடல. அன்னைக்கு வந்தவங்க மேலயெல்லாம் எரிஞ்சு விழுந்தேன், அவங்க மன்னிக்கணும். அஞ்சு மணிக்கு வாட்ஸப்ல பிலோமினாக்கா கோல் வந்துச்சு. புதன் சாயங்காலமே அக்கா கட்டிலுக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துட்டாங்களாம். காலையில அக்கா அவங்க கையைப் பிடிச்சிக்கிட்டே ஆப்பரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போச்சாம். இப்ப கண்ணு முழிச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டுருச்சாம்.

அல்லாஹ் காப்பாத்தினான்னு சொல்லி நான் அழுதுட்டேன். பயணம் எப்படிக்கா இருந்துச்சுன்னு கேட்டேன். மெதுவாச் சொன்னாங்க: "கையில இருந்த தண்ணிப் போத்தல் பாதிகூட முடியல மிஸ், எறங்கச் சொல்லிட்டாங்க. இந்த ஒரு மணி நேரத் தூரத்துக்கா நாங்க நாப்பது வருஷம் அழுதோம்?"

இப்பெல்லாம் யாராவது எவ்வளவு நேரம்னு கேட்டா, கம்ப்யூட்டரைப் பார்க்கிறதுக்கு முன்னால அவங்க எந்த வாசல்லேர்ந்து புறப்படுறாங்கன்னு கேட்கிறேன், டிக்கட் விக்கிறவளுக்குப் பத்து வருஷத்துல வந்த புத்தி அவ்வளவுதான்.