மச்சம் இல்லாத படம்

டச்சப் என்றால் அந்தத் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே உதட்டைப் பிதுக்குவார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடையின் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. நீலத்திரை ஒன்று, முதுகில்லாத ஸ்டூல் ஒன்று, இரண்டு குடைவிளக்குகள், சீப்பும் பவுடரும் வைத்த கண்ணாடி. உள்ளே எந்த மூஞ்சியோடு போனாலும் வெளியே வரும்போது கவருக்குள் ஒரு நல்ல மூஞ்சி இருக்கும். அதற்காகத்தான் ஜனங்கள் மூச்சு வாங்க அந்தக் குறுகலான படிகளில் ஏறினார்கள்.

பிலிம் காலத்தில் நெகட்டிவை வெளிச்சப் பெட்டிமேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பருவையும் வடுவையும் மறைக்கக் கற்றவர் அவர். கம்ப்யூட்டர் வந்ததும் தொழில் போச்சு என்று மற்ற ஸ்டுடியோக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணுக்குக் கீழே கருவளையமா, காணாமல் போகும். நெற்றியில் தழும்பா, அதுவும் போகும். இந்த டச்சப் வேலையே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. யாரும் கேட்கவே வேண்டியதில்லை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். படங்களை வெட்டுவதும் அட்டைகளை லேமினேஷன் செய்வதும் அவர் மனைவியின் வேலை. உங்களிடம் விட்டால் மூக்கையும் சேர்த்து எடுத்துவிடுவீர்கள் என்று அவள் கேலி செய்வாள். இதுவரை ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொன்னதுண்டா என்று அவர் மார்தட்டுவார். உண்மைதான், யாரும் வந்ததில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கருமச்சம். பிறக்கும்போதே கூட வந்தது. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள். முதல் தடவை நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டாள். பிறகு ஒரு வருஷம், கடையில் சும்மா கிடந்த பழைய இருட்டறைக்குள் மேசையும் விளக்கும் போட்டுக்கொண்டு, புத்தகமே கதி என்று கிடந்தாள். இரண்டாவது தடவை நல்ல ரேங்க் வந்தது. மருத்துவக் கல்லூரியில் இடமும் ஒதுக்கினார்கள். கீழே மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் டாக்டரம்மா என்று எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார். இனிமேல் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தால் முடிந்தது.

ஒதுக்கீட்டுக் கடிதத்தை ஸ்டுடியோ பிரிண்டரில்தான் எடுத்தார்கள். தன் வேலையைத் தானே ரசிப்பது டச்சப்புக்குப் பழக்கம். கடிதத்தின் மூலையில் இருந்த மகளின் படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது. அதன் கீழே அங்க அடையாளம் என்று போட்டு, இடது கன்னத்தில் கருமச்சம் என்று அச்சாகியிருந்தது. அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். கன்னம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.

அவர் கடிதத்தைச் சட்டென்று மடித்தார்.

விண்ணப்பம் போட்ட அன்று, மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விவரங்களைச் சொல்ல, இவர்தான் தட்டச்சு செய்தார். மச்சம் என்று சொன்னவளும் அவள்தான், மச்சம் என்று அடித்தவரும் இவர்தான். படத்தை ஏற்றியவரும் இவரே. மச்சம் என்று அடித்த கைக்கு, அந்த மச்சத்தை முந்தின நாள்தான் அழித்தோம் என்று உறைக்கவேயில்லை. இப்படி ஒரு கூத்து வேறு எந்த வீட்டில் நடக்கும் என்று அவருக்கே தெரியவில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரியில், ஒருத்தனுக்காக வேறொருத்தன் தேர்வு எழுதி, சேர்க்கை நேரத்தில் மாட்டிக்கொண்ட செய்தி வந்திருந்தது. டச்சப் அதைக் கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, இவனுங்களையெல்லாம் உள்ளே தள்ளி முட்டிக்கு முட்டி தட்ட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார். இப்போது அந்த முட்டி அவருடையதாகத் தெரிந்தது. தன் முட்டி போனால் போகட்டும், மகளைப் பிடித்து நிறுத்திவிட்டால்? இந்தப் படத்தில் இருக்கும் பெண் வேறு, தேர்வு எழுதிய பெண் வேறு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

விசாரணை எண்ணுக்குப் போன் போட்டார். திருத்தம் செய்யும் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு பெண் குரல், பதிவுசெய்த குரல், தேன் ஒழுகச் சொன்னது. சரி, மச்சத்தோடு இருக்கும் பழைய அட்டை ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பீரோவைக் குடைந்தார். பள்ளிக்கூட அட்டை, நூலக அட்டை, பேருந்துப் பாஸ், வங்கிப் புத்தகம் என்று எல்லாம் கிடைத்தன. எல்லாவற்றிலும் இவர் கடைப் படம். ஆதாரில் மட்டும் வேறு படம், அதில் முகமே இருட்டுத் திட்டு. பள்ளியின் குழுப் படத்தைக்கூட இவரே எடுத்திருந்தார். வரிசை வரிசையாக நின்ற அத்தனை பிள்ளைகளுக்கும் முகம் துடைத்தவர் சொந்த மகளை மட்டும் விடுவாரா? பால்பல் விழுந்த வயது முதல் நேற்றுவரை, மகளுக்கு ஒரு படத்திலும் மச்சம் இல்லை.

கடைசியில் அவளுடைய கைபேசியை வாங்கிப் பார்த்தார். தோழிகளோடு எடுத்த படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் அவள் வலது கன்னத்தையே காட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றிரண்டு என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். தள்ளத் தள்ள வலது கன்னமாகவே வந்தது. அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மனைவி புதுப் பையில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள், மகள் சான்றிதழ்களை நகல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை. யாரும் கவனிக்க மாட்டார்கள், எல்லாம் அவசரத்தில் பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தார், அதில் பொய்யும் இல்லை.

சரிபார்ப்பு நாளன்று மனைவி கடையைப் பார்த்துக்கொள்ள, அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். கல்லூரியின் பெரிய கூடத்தில் மேசைகளைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் மேசைக்கு, பெற்றவர்கள் கயிற்றுக்குப் பின்னால் என்று காவலாளி பிரித்துப் பிரித்து விட்டார். டச்சப் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகளை ஒரு மூத்த டாக்டரம்மாவின் மேசைக்குக் கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற ரகம். அவசரத்தில் பார்க்கும் முகமாகவே இல்லை. அவர் கடிதத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கிறது நீதானாம்மா?"

"ஆமா மேடம்."

"மச்சம் எங்க?"

மகள் திரும்பிக் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். டச்சப் தலை குனிந்துகொண்டார். பெற்ற மகள் தவித்து நிற்கும்போது ஒரு அப்பன் செய்யக்கூடாத காரியம் அது. பயம் வந்துவிட்டால் மனுஷன் எதுவும் செய்வான். அவள் ஒரு நொடி காத்திருந்துவிட்டு, டாக்டரம்மாவிடமே திரும்பிக்கொண்டாள்.

"எங்கப்பா ஸ்டுடியோ வச்சிருக்காரு மேடம். சின்ன வயசுல இருந்தே எல்லாப் படத்துலயும் எடுத்துடுவாரு. அவருக்கு அது புடிக்காது."

"புடிக்காதுன்னு யாரு சொன்னா?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படித் தாண்டினார் என்று தெரியவில்லை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். காவலாளி வந்து தோளைப் பிடித்தார். டாக்டரம்மா கையைக் காட்டி, வரட்டும் விடுங்கள் என்றார்.

மேசைக்கு முன்னால் நின்று டச்சப் எல்லாவற்றையும் கொட்டினார். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. பழக்கதோஷம் மேடம், கை தானாகப் போய்விடும், நினைப்பே இருக்காது என்றார். டாக்டரம்மா மச்சத்தோடு இருக்கும் அட்டை ஏதாவது ஒன்று காட்டச் சொன்னார். மகள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தாள். சின்னதும் பெரியதுமாக ஒரே பெண், கன்னம் மட்டும் பளிங்கு.

"எல்லாம் உங்க கைவேலைதானா?"

ஆமாம் மேடம் என்றார் அவர். அந்தக் கேள்விக்கு நெஞ்சு நிமிராமல் அவர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. இந்த நிலையில் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, ஆள்மாறாட்டச் சந்தேகம் என்று எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும், குழு கூடுவதற்குள் இடம் அடுத்த ரேங்குக்குப் போய்விடும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மகளைக் கேட்டார். தேர்வு எழுத உள்ளே நுழையும்போது வாசலில் கேமராவில் படம் எடுத்தார்களா?

எடுத்தார்கள் என்றாள் அவள். அந்தப் படத்தைத் தேர்வுப் பிரிவிலிருந்து வரவழைத்துப் பார்க்கிறேன், அதுவரை வெளியே உட்காருங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு. டச்சப் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் அந்த வாசல் படத்தில் தெரிந்துவிடும், கவலைப்படாதே என்று மகளுக்குத் தைரியம் சொல்லப் போனார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எந்தப் பக்கம் திரும்பி நின்னேன்னு எனக்கு ஞாபகமே இல்லப்பா," என்றாள். "கேமராவப் பாத்தா நான் தானா திரும்பிடுவேன்."

கைபேசியில் தள்ளத் தள்ள வந்த வலது கன்னங்கள் அத்தனையும் அவர் கண் முன்னால் வந்து நின்றன. அவர் அழிக்கப் பழகினார், அவள் மறைக்கப் பழகினாள். தேர்வு வாசல் கேமராவுக்கு முன்னும் திரும்பியிருந்தால் இடம் போச்சு, இரண்டு வருஷப் படிப்பு போச்சு, பேரும் போச்சு. என் கண்ணே, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நேராகப் பார்த்திருக்கக்கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினார். மனைவி போன் அடித்துக்கொண்டே இருந்தாள். எடுத்து என்ன சொல்வது? அவர் அதைச் சட்டைப் பைக்குள்ளேயே அடிக்க விட்டார்.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கம்ப்யூட்டர்த் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

டச்சப் வாழ்நாளில் அவ்வளவு மோசமான படத்தைப் பார்த்ததில்லை. டியூப்லைட் தலைக்கு மேலிருந்து அடித்து மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல். பாதிக் கண் மூடியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ ஒருவருடைய கை மோவாயைப் பிடித்து நேராகத் திருப்பியது ஓரத்தில் தெரிந்தது. நேராக நின்ற அந்த முகத்தின் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மச்சம் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அவர் கடையில் இப்படி ஒரு படம் வந்திருந்தால் அந்த இடத்திலேயே அழித்திருப்பார். இப்போது அதைப் பார்த்து அவருக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா திரையையும் பெண்ணையும் பொறுமையாக ஒப்பிட்டார். நடந்ததை அப்பாவின் கையாலேயே எழுதி வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வகுப்பு தொடங்கும் நாளில் கல்லூரி அட்டைக்குப் புதுப் படம் வேண்டும், மறக்காமல் கொண்டு வா என்று மகளிடம் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டு, கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அப்பாவும் மகளும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். நிறுத்தம் வந்ததும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அது அசிங்கமாப் பட்டதே இல்லம்மா. சத்தியமா. கைதான் தானாப் போச்சு."

"இப்பத் தெரியுதுப்பா. வீட்ல நீங்க அதக் கொறையாப் பாத்ததே இல்ல, நான்தான் படத்த வச்சுப் புடிக்காதுன்னு நினைச்சுட்டேன்." அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஆனா ஒரு தடவகூட நீங்க என்னைக் கேட்டதில்லப்பா. கடைல வர்றவங்க யாரையுமே கேட்டதில்ல."

பேருந்து ஒன்று வந்து நின்று, அவர்கள் ஏறாமலேயே கிளம்பிப் போனது.

"இப்பக் கேக்கறேன்," என்றார் கடைசியில். "காலேஜ் அட்டைக்குப் படம் எடுக்கணும்ல. இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?"

இருக்கட்டும் என்று சட்டென்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை. கை தானாகக் கன்னத்துக்குப் போனது, விரல்நுனி மச்சத்தைத் தொட்டுக்கொண்டே நின்றது.

"யோசிச்சு சொல்றேன்ப்பா," என்றாள்.

வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தது. அவள் எதைச் சொன்னாலும் செய்துதான் ஆக வேண்டும். எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடுவாளோ என்று டச்சப்புக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது.