கத்தரிக்காய் வண்டியைச் சுற்றி

ஒரகடம் கூட்டுரோட்டில் இன்று மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு எதிராக நிற்பவர்கள்: நான், செல்வி அக்கா, அவள் வீட்டுக்காரர். வேன் ஓட்டிவந்த பாபுவைச் சேர்த்தால் நான்கு. அவரோ, "என்னைச் சேக்காதீங்க, நான் வாடகைக்கு வந்தவன்" என்கிறார்.

வேன் நிறைய எங்கள் ஊர் முள்ளுக் கத்தரிக்காய், சும்மா கொடுப்பதற்கு. வாங்கத்தான் ஆளில்லை. போலீஸ்காரர் வருகிறார்.

"மூணு பேருக்கு இன்னாமா போராட்டம்? வண்டிய எடுங்க."

'வேண்டாம்' என்று எழுதிய அட்டையை இறக்கிவிடுகிறேன். கேஸ் போட்டுவிடுவார்களோ? பாபு அதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் விடுகிறது. கம்பெனி பஸ்களிலிருந்து யூனிபார்மோடு இறங்கும் பெண்கள், காய்கறி வண்டி என்று நினைத்து எங்களை மொய்த்துக்கொள்கிறார்கள்.

"கிலோ எம்புட்டுக்கா?"

"விக்கறதுக்கு இல்லமா" என்கிறாள் செல்வி அக்கா. "கம்பெனி வெத வந்துட்டா, வருசா வருசம் வெதைக்கு அவங்க கையத்தான் பாக்கணும். வேணான்னு சொல்ல வந்துகீறோம்."

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "எங்க அப்பாவும் கத்தரிதான் போட்டிருக்காவ. அந்த அட்டைய இங்க தாங்க."

அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்ததும் அவள் ஹாஸ்டலே வந்து பக்கத்தில் நிற்கிறது. போலீஸ்காரர் தலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறார். நானும் கோஷம் போடுகிறேன். எல்லோரையும்விட உரக்கக் கோஷம் போடுவது யாரென்று திரும்பினால், எஞ்சினை அணைத்துவிட்டு வேன்மேல் ஏறி நிற்கிறார் பாபு.

"இப்ப சேத்துக்கலாமாண்ணே?" என்று கேட்கிறேன்.

"சேத்துக்கோ. ஆனா வாடக வேற, இது வேற."

வேன் வாடகையில் பாக்கி அறுநூறு ரூபாய்.