வழமையைவிடக் கெதி

எனக்கு எழுபத்தாறு வயது. கல்முனையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இப்போது லண்டனில் இளைய மகளின் வீட்டில் இருக்கிறேன். இங்கே பொதி கொண்டுவருகிறவர் மணியடித்துவிட்டு, நான் கதவை எட்டுமுன் போய்விடுகிறார். பொதி மட்டும் வாசலில் கிடக்கும். இத்தனை அவசரமான ஊரில்தான் என் கணவரை மண்ணுக்குள் வைக்கக் காத்துக் கிடந்தேன்.

விடிய சுபஹுத் தொழுகைக்குப் பின் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். உடனே அடக்குவது எங்கள் வழக்கம் என்று மகள் சொன்னதும், அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் என் கையைப் பிடித்து, "எக்ஸ்பிடைட்டட்" என்றாள்.

"என்ன சொல்றா?"

"சுணங்காமக் கெதியாச் செய்து தாறதாம் உம்மா."

ஊரில் காலையில் மவுத்தானால் பின்னேரம் அஸர் தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் வீட்டுக்கு வந்து உடலைச் சுற்றும் கபன் துணி, கற்பூரம், அத்தர் எல்லாம் எடுத்துவைத்தேன். வந்த சனம் யாசீன் ஓதிக்கொண்டிருந்தது. பொழுதுபட்டு மஃரிபும் போனது, இவரின் மையித்து வீடு வரவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் அதே "எக்ஸ்பிடைட்டட்" என்ற சொல். அதற்கடுத்த நாளும் அதே சொல்.

பேத்திதான் விளங்கப்படுத்தினாள்.

"உம்மம்மா, அது ஒரு வேலைக்கு முன்னால போடுற சொல். வழமையைவிடக் கெதி எண்டுதான் கருத்து. எவ்வளவு கெதி எண்டு அது சொல்லாது."

"இஞ்ச வழமை என்ன?"

"ரெண்டு கிழமை, பதினாலு நாளும் போகும்."

"அப்ப நத்தையை முந்தின ஆமை எண்டு சொல்லு."

என் மாமி, என் கணவரின் உம்மா, கல்முனையில் மவுத்தானபோது இவர் சவூதியில் வேலை. தகவல் கிடைத்து இவர் லீவு கேட்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சுணங்காமல் அடக்கியதை ஊரே மெச்சியது. பிறகு ஊருக்கு வந்தவர், அடக்கிய மையவாடிக்குப் போய்த் திரும்பி, "முகத்தைப் பாத்திருக்கலாம்" என்றார்.

இங்கே நாலாம் நாள் மையித்தைத் தந்து, இவரைக் குளிப்பாட்டும் நேரத்தில் டோஹாவிலிருந்து மூத்த மகன் பையோடு பள்ளிவாசலுக்கு வந்து சேர்ந்தான். நெற்றியில் கொஞ்சிவிட்டு, "வாப்பா நல்லாக் குளிர்ந்துபோனார் உம்மா" என்றான். நான் கோபித்த தாமதம்தான் அவனுக்கு அந்த முகத்தைக் காட்டியது.

போன கிழமை இளையவளிடம் சொன்னேன்: "நான் மவுத்தானா என்னைக் கெதியா அடக்குங்க. ஆனா கல்முனையில இருக்கிற உன்ட ராத்தா வந்து பெத்த உம்மாட முகம் பாக்கட்டும்."

"ரெண்டும் ஒண்டா நடக்காதே உம்மா."

"ஓம், தெரியும்."

இதெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதிவிட்டாள். இனி நீ எழுதினதை வாசி மகள், கேப்பம். ஆறுதலா வாசி, கெதி வேணாம்.